உடம்பின் தண்ணீர்க் கணக்கு: நிணநீர், செரிமானம், சிறுநீர் பற்றி எங்கள் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு குடும்பங்களோடு செவிலியராக நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். பணி ஓய்வுக்குப் பிறகும் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள், வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். வயிறு, ஒண்ணுக்கு, கால் வீக்கம், நெறிகட்டு என்று பெரும்பாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வருகின்றன. அவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

மூன்று மண்டலத்தையும் ஏன் சேர்த்தே சொல்றீங்க? பள்ளிக்கூடப் புத்தகத்தில் தனித்தனிப் பாடம்தானே?

தனித்தனியாகப் படித்ததால்தான் நோய் வரும்போது குழம்பிப் போகிறோம். மூன்றிலும் ஓடுவது ஒரே தண்ணீர். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

ஒரு நாளைக்கு நாம் சாப்பாட்டோடும் தனியாகவும் உள்ளே அனுப்பும் தண்ணீர் சுமார் 2 லிட்டர். அதற்கு மேல் உடம்பே தன் ரத்தத்திலிருந்து எடுத்துக் குடலுக்குள் ஊற்றுகிறது. உமிழ்நீர் 1 லிட்டருக்கு மேல், இரைப்பை நீர் சுமார் 2 லிட்டர், கணைய நீர் 1 லிட்டருக்கு மேல், அதோடு பித்தமும் குடல் சுரக்கும் நீரும். எல்லாம் சேர்ந்து 8, 9 லிட்டர் குடலுக்குள் இறங்குகிறது. மலத்தோடு வெளியே போவதோ 100 முதல் 200 மில்லிதான். மீதி முழுவதையும் குடல் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெரும்பங்கு வேலை சிறுகுடலுடையது. பெருங்குடல் கடைசி ஒன்றரை லிட்டரைப் பார்த்துக்கொள்கிறது.

இப்படி ரத்தத்துக்கு வந்த நீர் தந்துகிகள் என்ற மிக மெல்லிய ரத்தக் குழாய்கள் வழியாகத் திசுக்களுக்குக் கசிகிறது. கசிந்ததில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பினாலும் தினமும் சுமார் 3 லிட்டர் வெளியே தங்கிவிடும். அதைச் சேகரித்து மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்கள். நம் ரத்தத்தில் உள்ள மொத்த பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியே, ஏறக்குறைய 3 லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நிணநீர்க் குழாய்கள் வேலை நிறுத்தம் செய்தால் ஒரே நாளில் உடம்பு ஊதி, ரத்தம் வற்றிப்போகும்.

கடைசியாகச் சிறுநீரகம். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டுவது 180 லிட்டர். அதே பிளாஸ்மாவைத் திரும்பத் திரும்ப, ஏறக்குறைய 60 முறை சலித்தெடுப்பதால்தான் இவ்வளவு பெரிய எண். அதில் ஒன்றரை லிட்டர் மட்டும் சிறுநீராகிறது, மற்றதெல்லாம் உள்ளேயே மீட்கப்படுகிறது. கீழே வரும் நோய்கள் பலவும் இந்தச் சுற்றில் எங்கோ ஓரிடம் அடைபட்டதாலோ ஓட்டை விழுந்ததாலோ வருபவை.

சாப்பிட்டது எந்த வழியில் போகுது? மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டேன்னு வெச்சுக்குங்க.

வஞ்சிரமோ சங்கராவோ, எதுவாக இருந்தாலும் சோறு, மீன், எண்ணெய் என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

சோற்றில் இருப்பது மாவுச்சத்து. அது வாயிலேயே உடையத் தொடங்குகிறது. வெறும் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருந்தால் கொஞ்சம் இனிக்கும், உமிழ்நீரின் வேலை அது. மீனின் புரதத்துக்கு இரைப்பைதான் முதல் இடம். அங்குள்ள அமிலம் எலுமிச்சைச் சாறைவிட வீரியமானது. அந்தப் புளிப்பில்தான் பெப்சின் என்ற நொதி வேலை செய்யும். பிறகு எல்லாம் கூழாகி, கொஞ்சம் கொஞ்சமாக முன்சிறுகுடலுக்கு இறங்கும். அங்கே கணைய நீரும் பித்தமும் வந்து சேரும். பித்தத்தைச் செய்வது கல்லீரல். பித்தப்பை அதை வாங்கிச் சுண்டவைத்துக்கொண்டு காத்திருக்கும். எண்ணெய் அதிகமான சாப்பாடு இறங்கியதும் சுருங்கி ஊற்றும். பித்தப்பையில் கல் இருப்பவர்களுக்கு பிரியாணி சாப்பிட்ட இரவில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடிப்பது இதனால்தான்.

சிறுகுடல் சுமார் 6 மீட்டர். அதன் உட்சுவர் முழுக்க விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள். ஒவ்வொரு உறிஞ்சிக்குள்ளும் ரத்தத் தந்துகிகளோடு நடுவில் ஒரு நிணநீர்க் குழாயும் இருக்கிறது. சோறு குளுக்கோஸாகவும் மீன் அமினோ அமிலமாகவும் ரத்தத்தில் ஏறி நேரே கல்லீரலுக்குப் போகும். எண்ணெய்க்கு வேறு வழி. கொழுப்புத் துளிகள் அந்த நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்து, முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறும் மார்பு நிணநீர் நாளம் வழியாகப் போய், கழுத்தின் இடது அடிப்பக்கம், காறை எலும்புக்குப் பின்னால் ரத்தத்தில் கலக்கும். அதாவது குழம்பில் மிதந்த எண்ணெய் கல்லீரலைத் தாண்டிக்கொண்டு முதலில் கழுத்துக்கு வருகிறது. சாப்பிட்ட பிறகு இந்தக் குழாய்களில் ஓடும் நிணநீர் பால் போல வெள்ளையாக இருக்கும். இத்தாலியில் காஸ்பரே அசெல்லி என்ற மருத்துவர் 1622இல், வயிறு நிறையத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது இந்த வெள்ளைக் கோடுகளைக் கண்டார். இந்த வெள்ளை நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிறுநீர்க் கேள்வியில் மறுபடி வரும்.

காரம் அதிகம் சாப்பிட்டா அல்சர் வருமா? பையன் டெய்லி பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிடுறான்.

காரம் ஏற்கெனவே புண் இருக்கிற வயிற்றை எரிய வைக்கும், புதிதாகப் புண்ணை உண்டாக்காது. அல்சருக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் இதை நிரூபிக்க 1984இல் அந்தக் கிருமி கலந்த நீரைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொன்று வலி மாத்திரை. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், வெல்டிங் வேலை செய்பவர்கள் உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி வெறும் வயிற்றில் போடுகிறார்களே, அது.

மகன் அத்தோ சாப்பிடட்டும், ஆனால் அதோடு வலி மாத்திரை போடுகிறானா என்று கேளுங்கள். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுப்பாகப் போகும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நெஞ்சுல கேஸ் அடைச்சிருக்கு. சோடா குடிச்சா போதுமா?

40 வயதைத் தாண்டியவர், அதிலும் சர்க்கரை உள்ளவர், நெஞ்சு அடைக்கிறது, வியர்க்கிறது, தாடைக்கோ இடது கைக்கோ வலி போகிறது என்றால் அதைக் கேஸ் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகு அது கேஸாக இருந்தால் சந்தோஷம். சோடாவை நம்பி விடியும்வரை காத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடிபம்புல தண்ணி நாத்தம் வருது, குழந்தைக்கு வயித்தால போகுது. என்ன கொடுக்கிறது?

பழைய குழாய்களில் சாக்கடை கலப்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். நாற்றம் வந்தாலும் வராவிட்டாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவிட்டே குடியுங்கள். சூடானால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி செய்யும் புண்ணைவிட, போய்விடுகிற தண்ணீரும் உப்பும். மேலே சொன்ன 9 லிட்டர்க் கணக்கை நினைத்துப் பாருங்கள். உறிஞ்சும் வேலை தடைபட்டால் அத்தனையும் வெளியே ஓடிவிடும். இதற்கு மனிதர் கண்டுபிடித்த அருமருந்து ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு, சர்க்கரைக் கரைசல். குடல் செல்லில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. காலரா நஞ்சு மற்ற வேலைகளைக் குலைத்தாலும் இந்த வாசலை மூடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்து போனால் தண்ணீரும் பின்னாலேயே உள்ளே போகும். அதனால்தான் அளவு முக்கியம். 1 லிட்டர் பாக்கெட் என்றால் 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். குழந்தை குடிக்கமாட்டேன் என்கிறது என்று டம்ளரில் கொஞ்சமாகக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் பேதி அதிகமாகும். சர்க்கரை அதிகமான குளிர்பானமும் அதே கெடுதலைச் செய்யும்.

ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சோற்றையும் நிறுத்தாதீர்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது, அந்த மாவுச்சத்தும் குளுக்கோஸாகி அதே வாசலில் நுழையும். துத்தநாக மாத்திரை கொடுத்தால் பேதி நின்றாலும் நிறுத்தாமல் மொத்தம் 14 நாள் முடிக்க வேண்டும். கண் உள்ளே போய்விட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை, 6 மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை, துவண்டு கிடக்கிறது என்றால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள்.

டைஃபாய்டு வயித்து நோயா, ரத்த நோயா?

இரண்டும்தான். நடுவில் இருப்பது நிணநீர். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பேயர் திட்டுகள் என்று நிணத்திசுத் திட்டுகள் உண்டு. உள்ளே வரும் கிருமியைப் பரிசோதிக்கும் இடம் அது. டைஃபாய்டு கிருமி அந்தப் பரிசோதனைச் சாவடி வழியாகவே உள்ளே நுழைந்து, நிணநீரை வடிகட்டும் கணுக்களில் (நெறி கட்டுவது இவைதான்) பெருகி, மார்பு நாளம் வழியாக ரத்தத்துக்கு வந்துவிடும். கவனிக்காமல் விட்டால், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், அந்தத் திட்டு இருந்த இடத்தில் குடல் ஓட்டையாகலாம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று நாங்கள் கத்துவது இதற்குத்தான். வைடால் என்ற ரத்த டெஸ்ட் ஒன்றை மட்டும் வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டுவது சரியில்லை. முதல் வாரத்தில், ஆன்டிபயாட்டிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுக்கும் பிளட் கல்ச்சர்தான் நம்பகமானது.

தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கு. பயப்படணுமா?

காலில் புண்ணோ சேற்றுப்புண்ணோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலிலிருந்து மேலே போகும் நிணநீர் அத்தனையும் தொடை இடுக்குக் கணுக்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே கிருமியோடு சண்டை நடக்கிறது, அதனால் வீங்கி வலிக்கிறது. கையில் புண் என்றால் அக்குளில் கட்டும், பல் சொத்தையோ தொண்டைப் புண்ணோ என்றால் தாடைக்குக் கீழே. உடம்பில் இப்படிச் சுமார் 600 கணுக்கள் உண்டு. புண் ஆறினால் இதுவும் வடிந்துவிடும்.

வலிக்கிற கட்டியைவிட வலிக்காத கட்டிதான் எனக்குக் கவலை. கழுத்தில் வரிசையாக, வலியில்லாமல், வாரக்கணக்காக இருந்தால் அது காசநோயாக இருக்கலாம். நம் பெரியவர்கள் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். இருமலே இல்லாமலும் டி.பி. வரும். ஊசி போட்டுக் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தால் தெரிந்துவிடும். சிகிச்சை அரசாங்கத்தில் இலவசம், பொதுவாக 6 மாதம். ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனை பெயரைக் கேட்டாலே ஒதுங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழுத்துக் கட்டி டி.பி. பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒட்டாது. பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும் என்று மறைத்து வைப்பது பெருங்கொடுமை.

இடது காறை எலும்புக்கு மேலே கெட்டியான கட்டி வந்தால் வயிற்றையும் சேர்த்துப் பரிசோதிப்பார்கள். மார்பு நாளம் முடியும் இடம் அதுதான் என்பதால் இரைப்பைப் புற்றுநோய் சில சமயம் அங்கே முதலில் தலைகாட்டும்.

கால் வீங்கினா கிட்னி போச்சுன்னு அர்த்தமா?

வீங்கியது ஒரு காலா, இரண்டு காலா? இரண்டும் என்றால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், ரத்தசோகை, சில பி.பி. மாத்திரைகள் என்று தேடுவோம். முகமும் காலையில் ஊதியிருந்தால் சிறுநீரகத்தின் மேல் சந்தேகம் கூடும். ஒரு கால் மட்டும் என்றால் நிணநீர் அடைப்போ சிரையில் ரத்தக்கட்டோ இருக்கலாம். திடீரென்று வீங்கி ஆடுதசை வலித்தால் அது அவசரம்.

கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் நீர் தேங்கியிருக்கிறது. யானைக்காலில் முதலில் இப்படிக் குழி விழும், வருஷங்கள் போகப் போகத் தோல் தடித்துக் குழியே விழாது.

கால்வாய் ஓரம் இருக்கோம். யானைக்கால் இன்னும் வருமா? கொசு கடிச்சாலேவா?

பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். யானைக்கால் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடைத் தண்ணீர், மூடாத செப்டிக் டேங்க் போதும். அது கடிப்பது இரவில். நோய்க்குக் காரணமான ஃபைலேரியா புழுவின் குஞ்சுகளும் இரவில்தான் ரத்தத்தின் மேல்மட்டத்துக்கு வரும், முக்கியமாக இரவு 10 மணியிலிருந்து 2 மணிவரை. ராத்திரியில் வந்து கதவைத் தட்டி விரலில் ரத்தம் எடுத்தது அதற்காகத்தான். அப்போது எரிந்து விழுந்தவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அந்த நேரத்தில் ஏன் வருகிறோம் என்று நாங்கள் நின்று சொல்லியிருக்க வேண்டும். கொசுதான் இந்தப் புழுவைச் சுமக்கிறது என்று பேட்ரிக் மேன்சன் சீனாவின் ஆமோய் நகரில் 1877இல் கண்டார்.

ஒரு கடியில் வந்துவிடாது. பல காலம் பல கடி வாங்க வேண்டும். வளர்ந்த புழுக்கள் நூல் போல நிணநீர்க் குழாய்க்குள் பல வருஷம் வாழும். நிணநீருக்கு இதயம் போல ஒரு பம்பு கிடையாது. குழாயின் சுவர் தானாகச் சுருங்குவது, நாம் நடக்கும்போது தசை அழுத்துவது, மூச்சு இழுப்பது, இவற்றால்தான் மேலே ஏறுகிறது. வழியெங்கும் வால்வுகள். சைக்கிள் டியூப் வால்வு காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுவது போல இவையும் நீரை மேலே மட்டும் விடும். புழு குடியிருந்து குழாய் அகன்றுபோனால் வால்வு பொருந்தாது, நிணநீர் கீழே தங்கிவிடும். ஆண்களுக்கு விரைவீக்கமும் இதே காரணத்தால் வரும். அதைச் சிறு அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். வேட்டியை இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அவதிப்பட வேண்டியதில்லை.

இந்தப் புழுவுக்கான டி.ஈ.சி. மாத்திரையை நோய் இல்லாதவர்களுக்கும் வருடாந்திரமாகக் கொடுக்கும் திட்டம் தேசிய அளவில் 2004இல் தொடங்கியது, பிறகு அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்ந்தது. ரத்தத்தில் புழுக்குஞ்சு இல்லாமல் போனால் கொசு எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. கர்ப்பிணிகள், 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள், கடுமையாக நோயுற்றவர்கள் சாப்பிடக் கூடாது.

ஏற்கெனவே வீங்கிய காலை மாத்திரை பழையபடி ஆக்காது. அதைக் காப்பாற்றுவது சோப்பும் தண்ணீரும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அடிக்கடி குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து வீங்குகிறதே, அதைச் செய்வது விரல் இடுக்கு வெடிப்பில் நுழையும் சாதாரணக் கிருமி. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் தடிக்கும். தினமும் சாதா சோப்பு போட்டு, தோல் மடிப்புக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேய்த்துக் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறியிருந்தால் பூஞ்சைக் களிம்பு. உட்காரும்போது காலை ஸ்டூலில் தூக்கி வையுங்கள், கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். இதை விடாமல் செய்த ஒரு பூக்கார அம்மாவுக்கு மாதாமாதம் வந்த காய்ச்சல் நின்றே போனது. கால் சின்னதாகவில்லை, ஆனால் வியாபாரத்துக்குப் போக ஆரம்பித்தார்.

ஒண்ணுக்கு பால் மாதிரி வெள்ளையா போகுது. தாது போகுதா?

தாது நஷ்டம் என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களிடம் போகாதீர்கள். குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து வரும் அந்த வெள்ளை நிணநீரைச் சொன்னேன் இல்லையா? ஃபைலேரியா அடைப்பால் அழுத்தம் கூடி, நிணநீர்க் குழாய் சிறுநீரகத்துப் பக்கம் உடைந்து வழி ஏற்பட்டால் அது சிறுநீரில் கலந்துவிடும். எண்ணெய்ப் பலகாரம், கறி சாப்பிட்ட பிறகு வெள்ளை அதிகமாவது இதன் அடையாளம். சில சமயம் கட்டியாகி அடைக்கும், கொழுப்பும் புரதமும் போவதால் ஆள் மெலிவார். உணவில் கொழுப்பைக் குறைப்பது, கிருமி இருந்தால் மருந்து, அடங்காவிட்டால் சிறுநீரகத்துக்குள் மருந்து செலுத்தி அந்த வழியை மூடுவது என்று சிகிச்சை உண்டு. வெள்ளையாகப் போவதெல்லாம் இதுதான் என்றும் இல்லை, சீழாலும் உப்புப் படிவதாலும் கலங்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி சிறுநீரகப் பிரிவில் காட்டுங்கள்.

ஒண்ணுக்கை அடக்கி வெச்சா என்ன ஆகும்?

காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் ஒரு அக்கா சொன்னது: "விடிகாலை ஏலத்துக்கு வந்தா மத்தியானம் வூட்டுக்குப் போறவரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன் சிஸ்டர். குடிச்சா எங்க போறது?" அவர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றி, கொப்பளித்து, துப்பிவிட்டு மூடியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அன்னக்கூடை பக்கத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எரிச்சலும் காய்ச்சலுமாக அவர் வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சிறுநீர்ப்பை 400, 500 மில்லி பிடிக்கும். 200 மில்லி சேர்ந்ததுமே போக வேண்டும் என்று தோன்றும். எப்போதாவது அடக்கினால் ஒன்றும் ஆகாது. தினமும் தண்ணீர் குடிக்காமல், மணிக்கணக்காக அடக்கினால் உள்ளே நுழைந்த கிருமியைக் கழுவி வெளியேற்ற ஓட்டமே இல்லை. பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் வழி சுமார் 4 செ.மீ.தான், ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. பெருங்குடலில் சும்மா இருக்கும் ஈ.கோலை கிருமி அந்தக் குறுகிய தூரத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். முன்னாலிருந்து பின்னால் கழுவச் சொல்வது அதற்காக. மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டால் குளிரும் காய்ச்சலும் விலாவில் வலியும் வரும். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாமலும் கிருமி இருக்கலாம். ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் செக்கப்புக்குப் போகும்போது யூரின் டெஸ்ட்டைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

சிறுநீரகம் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் ஒரு நாளின் கழிவை வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். அதற்கும் குறைந்தால் கழிவு உள்ளேயே தங்கும். அந்த அக்காவிடம் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று நான் வெறுமனே சொன்னால் அது அர்த்தமில்லாத அறிவுரை. தண்ணீர் போடாத, கதவு பூட்டாத கழிப்பறைக்குள் எந்தப் பெண்ணும் போகமாட்டாள். சந்தையிலும் ஏலக்கூடத்திலும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை கேட்பதைச் சிறுநீரகச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நான் நினைக்கிறேன்.

கிட்னியில் கல். உப்புத்தண்ணியாலதானே? பீர் குடிச்சா கரையுமா?

தண்ணீரின் உப்பைவிடத் தண்ணீர் குடிக்காததுதான் பெரிய காரணம். வெயிலில் வேலை, வியர்வை, கெட்டியான சிறுநீர், அதில் கால்சியம் ஆக்ஸலேட் படிகம். முதுகுப் பக்கம் கிளம்பி அடிவயிறு, தொடை இடுக்குவரை வெட்டி இழுக்கும் வலி, சுமார் 25 செ.மீ. நீளச் சிறுநீர்க்குழாயில் கல் இறங்கும் வலி. 5 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே போய்விடும். பீர் எந்தக் கல்லையும் கரைக்காது. வாழைத்தண்டு பொரியலோ சாறோ சாப்பிடலாம், அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவு தண்ணீர் குடியுங்கள், கருவாடு, ஊறுகாய், அப்பளத்தின் உப்பைக் குறையுங்கள், பால் மோரை நிறுத்தாதீர்கள். கல்லோடு காய்ச்சல் சேர்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு.

கிரியேட்டினின் நார்மல். அப்போ கிட்னி ஓகேதானே?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உண்டு. பாதி கெட்டாலும் மீதி இழுத்துப்பிடித்து ஓட்டும். அதுவரை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் நார்மல் எல்லைக்குள்ளேயே நிற்கலாம். சர்க்கரையும் பி.பி.யும் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், முதல் எச்சரிக்கை அங்கேதான் வரும். சிறுநீரகம் ரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோனையும் சுரக்கிறது, அதனால் நோய் முற்றினால் ரத்தசோகை கூடவே வரும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை, பி.பி. மாத்திரை வருகிறது. வாங்கி டப்பாவில் சேர்த்து வைக்காமல் சாப்பிடுங்கள். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வெள்ளத் தண்ணியில நடந்த பிறகு காய்ச்சல் வந்தா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இடுப்பளவு நீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் பயம் நியாயமானது. எலியின் சிறுநீரில் வரும் கிருமி நம் கால் வெடிப்பில் நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், ஆடுதசையில் தொட முடியாத வலி, கண் சிவப்பு. கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்தால் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டுவிட்டன. டாக்டரிடம் முதல் வார்த்தையாக "வெள்ளத்தில் நடந்தேன்" என்று சொல்லுங்கள். சீக்கிரம் பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே சரியாகும்.

யூரின் டெஸ்ட்டுக்கு எப்படிப் பிடிக்கிறது? லேப்ல சும்மா டப்பா கொடுத்து அனுப்பிடறாங்க.

தண்ணீரால் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடித்து, கடைசியையும் விட்டுவிடுங்கள். டப்பாவின் உள்பக்கத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் விரல் தொடக் கூடாது. கல்ச்சர் என்றால் லேப் கொடுக்கும் கிருமி நீக்கிய டப்பாதான், வீட்டில் கழுவிய பாட்டில் ஆகாது. மாதவிலக்கு நாளென்றால் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள், வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கடைக்கெல்லாம் போய்விட்டு வந்தால் அதற்குள் கிருமி பெருகி ரிப்போர்ட் தப்பாகிவிடும். ஆன்டிபயாட்டிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் கொடுப்பதுதான் சரியான விடை சொல்லும்.